பழிக்கு வளர்த்த பிள்ளை

மகன்,

இந்தக் கடிதத்தின் முதல் பிரதி உனக்கு. அடுத்த கிழமை இதே கடிதம், தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் பத்திரிகையில் வரும். அவர்களிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். வீட்டு விசயத்தை ஏன் ரோட்டில் கொண்டுபோய்ப் போடுகிறீர்கள் என்று நீ கேட்பாய். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான், போகப் போக விளங்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போனதன் பலன் இன்றைக்காவது எனக்குக் கிடைக்கட்டும். எங்கேயாவது எழுத்துத் தடுக்கினால் நிவேதாவை வாசித்துக் காட்டச் சொல். அவளும் அறிய வேண்டிய விசயம்தான். இன்னும் சில கிழமைகளில் மருமகளாக வரப்போகிறவள், எப்படிப்பட்ட வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

அவள் கேட்ட ஒரு கேள்விதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது, “அம்மா, உங்க பக்கம் தாய்மாமா யாரு? எங்க வீட்ல கேக்குறாங்க. அவருக்கு வேட்டி எடுத்து வச்சு மரியாதை செய்யணுமாம்” என்றாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. தாய்மாமன் இல்லாமல் அவர்களுக்கு ஒரு நல்ல காரியமும் நடவாது. நான் வாயைத் திறக்க முன்னமே நீ பதில் சொன்னாய். “எங்களுக்கு மாமா இல்லை.” அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். “இருக்கிறார், பிறம்ரனில இருக்கிறார். பட் ஹீ இஸ் டெட் டு அஸ்” என்று சொல்லிவிட்டு மீன் குழம்பை எடுத்துச் சோற்றில் விட்டாய். உன் குரலில் கோபமே இல்லை. என்னைப் பயப்படுத்தியது அதுதான். கோபம் என்றால் என்றைக்காவது ஆறும், நீ சொன்னதோ ஒரு சட்டம் மாதிரி இருந்தது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்.

உன் படிப்பைப் பற்றி ஆட்கள் கேட்டால் நான் சிரித்துக்கொண்டு சொல்லுவேன், மற்றவர்களின் பிள்ளைகள் டொக்டர் என்றால் ஊசி போடுவார்கள், என்ர பிள்ளை பேய் பிசாசுக்கு டொக்டர் என்று. ஐஸ்லாந்து, நோர்வே பக்கத்துப் பழைய நோர்ஸ் காவியங்கள், அதில் வரும் தேவர்களும் அரக்கர்களும், அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் தீர்க்கும் பழி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை. உன் அப்பா செத்த பிறகுதான் நீ அந்தக் கதைகளைத் தேடத் தொடங்கினாய். அப்போது நீ நாலாம் வகுப்பு. டோர்செட் பார்க் தொடர்மாடியில், லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் அந்தப் படப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு நிற்பாய். கத்தியும் கோடரியுமாக இருக்கும். பிள்ளை வாசிக்கிறான் என்று நான் சந்தோசப்பட்டேன். பிள்ளை அதற்குள் என்ன தேடுகிறான் என்று கேட்கவில்லை.

இந்த வருசம் பனிக்காலத்தில் ஸ்காபரோ நூலகத்தில் நீ பேசினாயே, நான் பின்வரிசையில் இருந்தேன். பெருமையாகத்தான் வந்து இருந்தேன், புதுச் சேலையும் உடுத்திக்கொண்டு. முதலில் நீ சொன்னதெல்லாம் எனக்குப் பழக்கப்பட்ட சங்கதியாகவே இருந்தது. பிள்ளை பிறக்கும்போது வந்து தலைவிதியை எழுதிவிட்டுப் போகும் பெண்கள், அவர்களை எங்களுக்குத் தெரியாதா? வன்மத்தோடு செத்தவன் எழும்பி வந்து கூரையில் ஏறி இருந்து வீட்டை உலுக்குவான் என்றாய், அவன் பிணம் பாரம் கூடிக்கூடி ஊர் சேர்ந்து தூக்கினாலும் அசையாது என்றாய். மன்னாரில் நாங்கள் கேட்டு வளர்ந்த பேய்கள் புகை மாதிரி வந்து போகும். இவர்களுடைய பேய்க்கு எலும்பும் தசையும் இருக்கிறதே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு தேவனின் கதைக்கு வந்தாய். எல்லாரும் நேசித்த ஒருவன். அவனுக்குச் சாவு வரும் என்று கனவு கண்டதும், அவனுடைய தாய் உலகத்தில் உள்ள நெருப்பு, தண்ணீர், இரும்பு, கல், நோய் எல்லாவற்றிடமும் அவனைத் தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள். ஒரு சின்னச் செடியை மட்டும், இது குழந்தை, இதனிடம் என்ன சத்தியம் என்று விட்டுவிடுகிறாள். சூழ்ச்சிக்காரன் ஒருவன் அந்தச் செடியை எறிபடையாக்கி, செத்தவனின் கண் தெரியாத சகோதரன் கையில் வைத்து, கையைப் பிடித்துத் திசையும் காட்டி எறிய வைக்கிறான். அதில் அவன் செத்துவிடுகிறான். இரத்தத்துக்கு இரத்தம் வேண்டும் என்பதால், பழிவாங்குவதற்கென்றே தேவர்களின் தகப்பன் ஒரு மகனைப் பெறுகிறான். பிறந்து ஒரு இரவுதான் ஆன அந்தப் பிள்ளை கை கழுவவில்லை, தலை சீவவில்லை, நேரே போய்க் கண் தெரியாதவனைக் கொன்றுவிட்டு வருகிறது. இதை நீ சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையை உயர்த்திக் கேட்டாள், தெரிந்துதான் எறிந்தாயா என்று அந்தக் குருடனிடம் யாரும் கேட்கவில்லையா என்று. நீ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாய்: பழியின் சட்டம் மனதைப் பற்றிக் கேட்பதில்லை, கையைப் பற்றி மட்டும்தான் கேட்கும் என்று. எங்கள் ஆட்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள், பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று.

அதோடு நீ விடவில்லை. அந்தக் காவியங்களில் வாளை எடுப்பவன் ஆண், ஆனால் எடுக்க வைப்பவள் பெண் என்றாய். புருசன் வெட்டுப்பட்டுச் செத்தபோது போட்டிருந்த மேலங்கியைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்து, காலம் வரும்போது எடுத்து உறவுக்காரனின் தோளில் எறியும் விதவைகள். காய்ந்த இரத்தம் பொலபொலவென்று உதிருமாம். அவள் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லையாம். சபையில் எல்லாரும் கதையைக் கேட்டார்கள். நான் எங்கள் அலுமாரிக்குள் தொங்கும் உன் அப்பாவின் நீல ஜக்கெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு வருசமும் தேவாலயத்தில் அப்பாவுக்கு ஒப்புக்கொடுக்கும் ஆண்டுப் பூசைக்குப் போக முன்னர் அந்த ஜக்கெற்றை எடுத்துக் கட்டிலில் விரிப்பேன். ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரிக் பையில் போட்டுத் தந்ததை நான் துவைக்கவே இல்லை. நீ வந்து அதன் கையைத் தொட்டுக்கொண்டு நிற்பாய். நான் சொல்லுவேன், “உன்ர மாமன் அண்டைக்குக் காரைக் கொண்டு வந்திருந்தா இது இப்ப அப்பாவின்ர உடம்பில இருந்திருக்கும், ராசா.” நினைவு நாளில் செத்தவருக்காகச் செபம் சொல்லிக் கொடுக்க வேண்டிய தாய் நான். அதற்குப் பதிலாக இதைச் சொல்லிக் கொடுத்தேன். நீ அதைத் தலையாட்டிக்கொண்டு கேட்பாய். சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த முகம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் ஆட்கள் வாள் எடுப்பதில்லை. எங்களுக்குக் கோவம் இருக்கிறது. “அவையோட நாங்கள் கோவம்” என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவோம். நல்லதுக்கும் போகமாட்டோம், கெட்டதுக்கும் போகமாட்டோம், ஒரு மண்டபத்தில் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்போம். ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் பேரப்பிள்ளைகள் காலம்வரை கொண்டுபோகலாம். நான் அதை என் தம்பிமேல் எடுத்தேன், உன் கையிலும் தந்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, அப்பாவின் பூசையில் கடைசி வரிசை வாங்கில் அவன் தலைகுனிந்து இருந்ததைக் கண்டாயே. வருசா வருசம் அப்படி வந்து இருந்துவிட்டு, பூசை முடிய முன்னர் எழும்பிப் போய்விடுவான். நீ நேரே போய் அவன் முன்னால் நின்று, “யூ டோன்ட் கெட் டு பி ஹியர்” என்று சொன்னாய். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அன்று நற்கருணை வாங்கிய வாயோடு நான் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன், மகன். கடவுள் சாட்சியாகப் பெருமைப்பட்டேன்.

இனிமேல் எழுதப் போவதைத்தான் இவ்வளவு நேரமும் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். உன் மாமா அன்றைக்கு வந்தான்.

அப்போது மாமாவும் அப்பாவும் பிறம்ரனில் ஒரே வெயர்ஹவுசில் பின்னேர வேலை. எங்களிடம் கார் இல்லை. மாமா ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிற வழியை விட்டு இவ்வளவு தூரம் வந்து, எங்கள் தொடர்மாடி வாசலில் நின்று அப்பாவை ஏற்றிக்கொண்டு போவான். அந்தக் கிழமை அவன் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல் விருந்து வைத்திருந்தான். எங்களுக்கு அதைப் போனில் சொன்னான். புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, வாயால் கூப்பிடுவதுதான் எங்கள் முறை. கூடப்பிறந்த அக்காவுக்குப் போனில் சொல்வதா? வேலையும் வீடு மாறுகிற அலைச்சலும் என்று அவன் சொன்ன நியாயம் எதுவும் என் காதில் ஏறவில்லை. ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுத்தான். அடுத்த நாள் மத்தியானம் அப்பா சப்பாத்துப் போடும்போது சொன்னேன், “இனி அவன்ர காரில ஏறினியளெண்டா என்ர முகத்தில முழியாதேங்கோ.”

உன் அப்பா சாது. “விசர்க் கதை கதையாதை. இந்தச் சினோ கொட்டுறதுக்குள்ள அவன் மினக்கெட்டு வாறான், கீழ நிண்டு தேடுவானெல்லே” என்றார்.

“தேடட்டும். மரியாதை தெரியாதவன் நிண்டு தேடட்டும்.”

அதற்கு மேல் அவர் என்னோடு வாதாடவில்லை. பின்கதவால் இறங்கி பஸ் தரிப்புக்கு நடந்தார். நான் யன்னலால் பார்த்தேன். முன்வாசலில் மாமாவின் கார் வந்து நின்றது, ஹோர்ன் அடித்தது. பிறகு போன் வந்தது. “அக்கா, அத்தான் இறங்கிட்டாரே?” என்றான். “அவர் அப்பவே போயிட்டார். நீ இனி இஞ்ச வரத் தேவையில்லை” என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலையிடத்து ஆள் ஒருவர் தரிப்பில் அப்பாவைக் கண்டு தன் வான் வண்டியில் ஏற்றியிருக்கிறார். நெடுஞ்சாலைப் பனியில் அந்த வான் வழுக்கி ட்ரக் ஒன்றோடு மோதியது. நீ பள்ளிக்கூடத்தால் வந்து மேசையில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொலிஸ் வந்து கதவைத் தட்டியது.

ஃபியூனரல் ஹோமில் அப்பாவைப் பார்வைக்கு வைத்திருந்தபோது, மாமா உள்ளே வந்தான். சனம் நிறைந்திருந்தது. நான் எழும்பி அவன் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “உன்னை நம்பித்தானே இருந்தவர். ஏன்ரா அண்டைக்கு வரேல்லை? ஏன் வரேல்லை?” நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். அவன் வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு வாயை மூடிக்கொண்டான். அந்தச் சனம் முழுக்க நான் சொன்னதை நம்பியது, நீயும் நம்பினாய். சொல்லச் சொல்ல நானே பாதி நம்பிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அந்தச் சோற்றைத்தான் உனக்கு ஊட்டி வளர்த்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். சுவாமியார் மன்னிப்புக் கொடுத்து, செபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் நூலகத்தில் நீ கடைசியாக ஒன்று சொன்னாய். அந்தப் பழைய ஆட்களின் வழக்கப்படி ஒருவனைக் கொன்றவன் அடுத்து வருகிற வீட்டு வாசலில் நின்று, இன்னாரை நான் கொன்றேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அது பகை, ஈடு கொடுத்துத் தீர்க்க வழி இருக்கிறது. மறைத்தால் அது இழிந்த கொலை, அதற்கு ஈடே கிடையாது. சாமி கும்பிடாத காட்டு மனிதர்கள் என்று நான் நினைத்திருந்தவர்களுக்கு இருந்த ரோசம் எனக்கு இருக்கவில்லை. நான் சொன்ன பொய் ஊரறியச் சொன்ன பொய். சுவாமியாரின் காதுக்குள் சொன்ன உண்மை என் தம்பியின் தலையில் இருந்து அதை இறக்கிவிடுமா? அதனால்தான் பத்திரிகை.

அவனுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று போன கிழமை பஸ் மாறி மாறிப் பிறம்ரனுக்குப் போனேன். கதவை அவனே திறந்தான். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது. “வாங்கோ அக்கா” என்றான், நேற்றும் வந்து போன ஆளைக் கூப்பிடுவது மாதிரி. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், எனக்கு இரண்டும் ஆடியது. அப்பா செத்த அன்றைக்கு வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்த இடத்தைத் தாண்டித்தான் போனானாம். யாரோ பாவம் என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனானாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் அழுதான்.

“நீ ஏன்ரா அண்டைக்கு வாய் திறக்கேல்லை?” என்று கேட்டேன்.

“வந்தனான் எண்டு சொல்லியிருந்தா, அந்தப் பழி உங்களிலதானே அக்கா திரும்பும். நீங்கள் பிறகு உயிரோட இருக்கமாட்டியள் எண்டு நினைச்சன். என்னில கோவம் இருந்தா எழும்பி நடப்பியள், பெடியனுக்குச் சமைப்பியள்.”

நான் எழும்பித்தான் நடந்தேன், சமைத்தேன், உன்னைப் படிப்பித்தேன். எல்லாவற்றுக்கும் அந்தக் கோவம்தான் கைத்தடியாக இருந்தது. அதற்காக அவன் உன்னை இழந்தான் என்று எனக்கு ஒரு நாளாவது உறைக்கவில்லை.

கலியாணம் கட்டப் போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்லக்கூடிய புத்தி கொஞ்சம்தான். யார் நேரில் கூப்பிட்டார்கள், யார் போனில் கூப்பிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. நிவேதா உன்னோடு கோபித்தால் அன்றைக்கே வாய்விட்டுச் சண்டை பிடியுங்கள், ஆளை வாசலில் காக்க வைக்காதீர்கள். உன் அப்பாவைப் போல எல்லாவற்றுக்கும் பணிந்தும் போகாதே. அந்த நல்ல மனுசன் அன்றைக்கு என்னை ஒரு அதட்டு அதட்டியிருந்தால் போதும். உனக்குப் பிள்ளை பிறந்தால், நீ பட்ட காயத்தை அதன் கையில் கொடுக்காதே. காயம் பட்டவன் அலுத்துப்போய் ஒரு நாள் விட்டுவிடுவான். வாங்கி வைத்திருக்கிற பிள்ளைக்கு எங்கே விடுவது என்றே தெரியாது. உனக்குத் தெரியவில்லையே, ராசா.

நீயும் நிவேதாவும் சேர்ந்து பிறம்ரனுக்குப் போங்கள். இருவருமாக உள்ளே போய், இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, மாமாவை வாயால் கூப்பிடுங்கள். அவளுடைய வீட்டார் எடுத்து வைக்கிற வேட்டிக்கு ஆள் இருக்கிறது. என்னோடு என்ன செய்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். என்னில் கோவம் எடுக்க உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கலியாண வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொன்னாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

இதை எல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்று மாமாவிடம் சொன்னபோது, அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “எழுதாதேங்கோ அக்கா. பெடியனுக்கு அப்பா இல்லை. அம்மாவையும் அவனிட்டயிருந்து பறிச்சுப்போடாதேங்கோ. மாமா இல்லாமல் அவன் வளந்திட்டான், இனியும் இருப்பான்” என்றான். வாசல்வரை வந்தும் அதையே சொன்னான். பஸ்ஸில் இருந்து யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு காலத்தில் அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையும் கேளாமல் இதை உனக்கு அனுப்புகிறேன்.

உன்னைப் பெற்றவள்